கார் ஏசி கம்ப்ரெசர் மாற்றும்போது ஆயில்: எது, எவ்வளவு, எப்படி

கம்ப்ரெசர் மாற்றும் வேலையில் போல்ட் கழற்றுவது, பெல்ட் மாட்டுவது, பைப் இணைப்பது எல்லாம் கண்ணுக்கு நேராக நடக்கிறவை. கை வலித்தாலும் ஒரு வழியாக முடிந்துவிடும். ஆனால் புதிதாகப் போடும் கம்ப்ரெசர் எத்தனை வருஷம் ஓடும் என்பதை முடிவு செய்வது ஒரு சின்ன அளவுக் குவளை. அதில் இருக்கும் ஆயில் சரியான ரகமா, சரியான அளவா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் முறை நானே கம்ப்ரெசர் மாற்றியபோது இதைப் பெரிதாக நினைக்கவில்லை. புதிய கம்ப்ரெசர் ஏற்கெனவே ஆயில் நிரப்பித்தான் வந்திருந்தது. அதை அப்படியே மாட்டினேன். போதாதோ என்று பயந்து, ஈரத்தை உறிஞ்சும் குப்பியான ரிசீவர் டிரையரிலும் கொஞ்சம் ஊற்றினேன். குளிரூட்டும் கேஸ் ஏற்றி ஓட்டிப் பார்த்தால் ஹைசைடு (கம்ப்ரெசர் அழுத்தி அனுப்பும் பக்கம்) அழுத்தம் தேவைக்கு மேல் ஏறி நின்றது, காற்று அரைகுறையாகத்தான் குளிர்ந்தது. கேஸ் அளவைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து ஒரு நாள் போனது. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி ஆயிலை வடித்து அளந்தபோதுதான், அந்தக் காருக்கு வேண்டியதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆயில் உள்ளே இருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து அளக்காமல் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. நீங்களும் அளந்தே ஊற்றவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆயில் கம்ப்ரெசருக்குள் மட்டும் இல்லை

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் வெறும் கணக்குதான்.

எஞ்சினில் ஆயில் அடியில் இருக்கும் சம்ப்பில் தேங்கி நிற்கும். பம்ப் அதை மேலே அனுப்பும், அது திரும்பச் சம்ப்புக்கே வடிந்து வரும். கார் ஏசி அப்படி இல்லை. இங்கே ஆயில் கேஸோடு சேர்ந்தே ஊர் சுற்றுகிறது. கம்ப்ரெசரிலிருந்து கிளம்பி கேஸை ஆறவைத்துத் திரவமாக்கும் கண்டென்சர், டிரையர், அந்தத் திரவத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பேன்ஷன் வால்வு, காரின் உள்காற்றைக் குளிரவைக்கும் எவாப்பரேட்டர் என்று போய், சக்‌ஷன் பைப் வழியாகக் கம்ப்ரெசருக்கே திரும்புகிறது. ஏசியை நிறுத்தியதும் எங்கெங்கே இருந்ததோ அங்கங்கேயே தங்கிவிடுகிறது. கம்ப்ரெசரில் ஏறக்குறைய பாதி இருக்கலாம். மீதி எவாப்பரேட்டரின் அடியிலும், கண்டென்சர் குழாய்களின் உள்சுவரிலும், டிரையரிலும், ஹோஸ்களிலும் படிந்து கிடக்கும்.

ஆகவே சர்வீஸ் புத்தகத்தில் ‘ஏசி ஆயில் 120 மில்லி’ என்று போட்டிருந்தால் அது முழு சிஸ்டத்துக்கான அளவு. கம்ப்ரெசரை மட்டும் மாற்றும்போது பழைய ஆயிலில் பாதிக்குமேல் இன்னும் காருக்குள்ளேயே இருக்கிறது. அதோடு 120 மில்லி நிரம்பிய புதிய கம்ப்ரெசரை மாட்டினால் மொத்தம் 180, 200 என்று போய்விடும். நான் செய்த தவறும் இதுதான்.

ஆயில் கூடினால் அது எவாப்பரேட்டர், கண்டென்சர் குழாய்களின் உள்ளே படலமாகப் படிந்து வெப்பம் மாறுவதைத் தடுக்கும். குளிர்ச்சி குறையும், அழுத்தம் ஏறும். இன்னும் மோசமான நிலையில் திரவமாகவே சிலிண்டருக்குள் வந்துசேரும். கேஸை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. மெல்லிய தகடான ரீட் வால்வு உடையும், பிஸ்டன் அடிவாங்கும். குறைந்தாலோ பிஸ்டனும் அதைத் தள்ளும் சாய்ந்த தட்டான ஸ்வாஷ் பிளேட்டும் உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்ந்து, அலுமினியத் தூள் சிஸ்டம் முழுக்கப் பரவி, கம்ப்ரெசர் ஜாம் ஆகிவிடும். கூடுதல், குறைவு இரண்டில் உடனே கொல்வது குறைவுதான். ஆனால் ‘கொஞ்சம் கூட இருக்கட்டும்’ என்று தாராளமாக ஊற்றுவதும் காப்பாற்றாது.

கேஸ் கசிந்து குறைந்திருந்தாலும் இதே ஆபத்து உண்டு. ஆயிலைச் சுமந்து திரும்பக் கொண்டுவருவது கேஸ்தான். கேஸ் பாதியானால் ஆயில் எவாப்பரேட்டரிலேயே தங்கிவிடும், கம்ப்ரெசர் வறண்டு ஓடும். பழைய கம்ப்ரெசர் ஏன் செத்தது என்று தேடும்போது கசிவையும் சேர்த்துத் தேடுங்கள். அந்த ஓட்டையை விட்டுவைத்தால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

எந்த ஆயில்

பானெட்டைத் திறந்ததும் முன் கிரில்லுக்குப் பின்னால் அல்லது பானெட்டின் உள்பக்கம் ஏசி ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். கேஸ் வகை, கேஸ் எடை, பல கார்களில் ஆயில் வகை எல்லாம் அதில் இருக்கும். கம்ப்ரெசரின் உடம்பில் ஒட்டியிருக்கும் லேபிளிலும் ஆயில் பெயர் இருக்கும். இந்த இரண்டும் சர்வீஸ் புத்தகமும் சொல்வதுதான் கணக்கு. கடையில் ‘எல்லாத்துக்கும் இதுதான் சார் போடுவோம்’ என்று சொன்னால் அதைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

இத்தனை ரகம் ஏன் என்று தெரிந்தால் குழப்பம் குறையும். பழைய கார்களில் ஆர்12 கேஸ் இருந்தது, அதோடு சாதாரண மினரல் ஆயில் நன்றாகக் கலந்தது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அதன் விளைவாக 1990களில் கார்கள் ஆர்134ஏ கேஸுக்கு மாறின. இந்தக் கேஸில் மினரல் ஆயில் கரையாது. கரையாத ஆயிலைக் கேஸ் சுமக்காது, கம்ப்ரெசருக்கு அது திரும்பவே திரும்பாது. அதனால்தான் பிஏஜி என்கிற செயற்கை ஆயில் வந்தது.

பிஏஜியிலும் 46, 100, 150 என்று எண்கள் உண்டு. 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. 46 இளகி ஓடும், 150 மெதுவாக இழுபட்டு வடியும். கம்ப்ரெசரின் உள்ளே இருக்கும் இடைவெளிக்கு ஏற்பத்தான் தயாரிப்பாளர் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். 46 கேட்கும் கம்ப்ரெசரில் 150 ஊற்றினால் ஆயில் சரியாகச் சுற்றாது. 100 கேட்பதில் 46 ஊற்றினால் படலம் மெலிந்து உரசல் வரும். வெயில் அதிகம் என்பதால் கெட்டி ஆயில் போடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படிப் போடாதீர்கள்.

புதிய கார்களில் ஆர்1234ஒய்எஃப் கேஸ் இருக்கிறது. அதற்கும் பிஏஜிதான், ஆனால் அந்தக் கேஸோடு வினைபுரியாதபடி தனியாகச் செய்யப்பட்ட பிஏஜி. ஆர்134ஏவுக்கான டின்னில் 46 என்று எண் ஒத்துப்போனாலும் அதை இங்கே ஊற்றக் கூடாது. டென்சோ கம்ப்ரெசர்களை எடுத்துக்கொண்டால் ஆர்134ஏவுக்கு என்டி-8, ஆர்1234ஒய்எஃப்புக்கு என்டி-12 என்று பெயரே மாறும்.

ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் கதையே வேறு. அங்கே கம்ப்ரெசருக்குள்ளேயே உயர் மின்னழுத்த மோட்டார் இருக்கிறது, ஆயில் அதன் சுருள்களை நனைத்துக்கொண்டே ஓடும். அதனால் மின்சாரம் கடத்தாத பிஓஈ என்கிற இன்னொரு வகைச் செயற்கை ஆயில்தான் பெரும்பாலும் கேட்பார்கள். டென்சோவில் அதற்கு என்டி-11. பிஏஜி மின்சாரத்தைக் கடத்தும். துளி கலந்தாலும் மின்காப்பு குறைந்து, காரே கோளாறு காட்டி நின்றுவிடலாம். சாதாரணக் கார்களில் பயன்படுத்திய அழுத்தமானியின் (கேஜ்) ஹோஸில் ஒட்டியிருக்கும் பிஏஜிகூட அங்கே ஆபத்து. ஆரஞ்சு நிறக் கேபிள் போகும் கம்ப்ரெசரை அதற்கான பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள். கீழே உள்ள வழிமுறை பெல்ட்டில் ஓடும் கம்ப்ரெசர்களுக்கானது.

எல்லா காருக்கும் பொருந்தும் என்று விற்கும் ‘யுனிவர்சல்’ ஆயில், கசிவை அடைக்கும் மருந்து கலந்த டின் இரண்டையும் நான் தொடுவதில்லை. கசிவு மருந்து எக்ஸ்பேன்ஷன் வால்வில் போய் உறையும், கேஸ் மீட்கும் மெஷினையும் கெடுக்கும். எஞ்சின் ஆயில், கியர் ஆயில் பக்கமே போகவேண்டாம்.

ஆயிலை எப்படி வைத்துக்கொள்வது

பிஏஜி ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். பிஓஈ ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகவே சிதையும். ஈரம் உள்ளே போனால் உலோகம் அரிக்கும், எக்ஸ்பேன்ஷன் வால்வில் பனிக்கட்டி கட்டும். அதனால் 250 மில்லி போன்ற சின்ன உலோக டின்னாக வாங்குங்கள். ஊற்றவேண்டிய நிமிஷம் வரை சீலை உடைக்காதீர்கள், ஊற்றியதும் மூடியை இறுக்குங்கள். போன வருஷம் திறந்து அலமாரியில் வைத்த பாதி டின் பார்க்கப் புதிதாகத்தான் தெரியும். அதைப் பயன்படுத்த வேண்டாம்.

வேலை தொடங்கும் முன்

கையில் இருக்க வேண்டியவை: மில்லி குறியிட்ட இரண்டு தெளிவான அளவுக் குவளைகள், சரியான ஆயில், புதிய டிரையர், அந்தக் காருக்கான ஓ-ரிங்குகள் (பைப் இணைப்புக்கான ரப்பர் வளையங்கள்), திறந்த பைப்களை மூட மூடிகள், அழுத்தம் பார்க்க மேனிஃபோல்டு கேஜ், உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேக்யூம் பம்ப், கேஸ் எடை பார்க்கத் தராசு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. குவளை சமையலறையிலிருந்து எடுத்ததாக இருந்தால் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது.

கம்ப்ரெசர் இன்னும் ஓடுகிற நிலையில் இருந்தால், சத்தமும் இல்லை என்றால், கழற்றும் முன் எஞ்சினை ஐடிலிலோ சற்று மேலேயோ வைத்து, ஏசியை முழுக் குளிரில், ஃபேனை முழு வேகத்தில் 10 நிமிஷம் ஓடவிடுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் ஆயில் கம்ப்ரெசருக்குத் திரும்பி வந்துசேரும், அளவும் நம்பகமாக இருக்கும். உள்ளே கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தால் ஓட்டாதீர்கள். தூளை சிஸ்டம் முழுக்க அனுப்புவதாகத்தான் ஆகும்.

அப்புறம் கேஸ். மீட்பு மெஷின் வைத்திருக்கும் இடத்தில் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். காற்றில் திறந்துவிடாதீர்கள். ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கைக் கணக்கில் ஆர்134ஏ, கார்பன் டை ஆக்சைடைவிட 1430 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு. உங்கள் கைக்கும் நல்லதல்ல. வெளியே வரும்போது மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் அது தோலை உறையவைத்துவிடும். ஆயிலுக்கும் இதில் பங்கு உண்டு. வேகமாகத் திறந்துவிட்டால் கேஸ் ஆயிலையும் அள்ளிக்கொண்டு போய்விடும், எவ்வளவு போனது என்று கணக்கே கிடைக்காது. மெஷினில் மெதுவாக எடுத்தால் பிரிந்து வந்த ஆயிலை அதிலேயே அளக்கலாம். அது 10 மில்லியாக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் கூட்டவேண்டியிருக்கும்.

பழைய கம்ப்ரெசரை வடிப்பது

கம்ப்ரெசரைக் கழற்றியதும் பைப் வாய்களையெல்லாம் உடனே மூடுங்கள். பழைய கம்ப்ரெசரை மேஜைக்குக் கொண்டுவாருங்கள். பின்பக்கத்தில் இரண்டு துளைகள் இருக்கும். ‘எஸ்’ என்று குறித்தது சக்‌ஷன், ‘டி’ என்றது டிஸ்சார்ஜ். கேஸ் முன்னதில் உள்ளே போய், பின்னதில் வெளியே வரும். சில மாடல்களில் அடிவயிற்றில் ஆயில் போல்ட்டும் இருக்கும்.

துளைகள் கீழே பார்க்கும்படி சாய்த்து, அடியில் குவளையை வையுங்கள். முதலில் ஒன்றும் வராது. முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வெளிப்புறப் புல்லியைச் சுற்றினால் அது பேரிங்கில் வெறுமனே சுழலும், உள்ளே ஒன்றும் அசையாது. தட்டு சுற்றச் சுற்ற உள்ளே பிஸ்டன்கள் ‘புஸ் புஸ்’ என்று மூச்சு விடும், ஆயில் நூல் மாதிரி இறங்கத் தொடங்கும். பிறகு சொட்டாகும். இங்கேதான் பொறுமை வேண்டும். கடைசி 10 மில்லி வர 10 நிமிஷத்துக்குமேல் ஆகலாம். நடுநடுவே கம்ப்ரெசரைப் புரட்டி, இன்னொரு துளையைக் கீழே காட்டி, மறுபடி சுற்றுங்கள். ஆயில் போல்ட் இருந்தால் அதையும் திறந்து வடியுங்கள்.

குவளையில் விழுந்த ஆயில் நுரைத்துக்கொண்டு இருக்கும். அதில் கரைந்திருந்த கேஸ் வெளியேறுகிறது, அவ்வளவுதான். நுரை அடங்கும் வரை அளவு பார்க்காதீர்கள். 60 போலத் தெரிந்தது அடங்கியபின் 45 ஆக நிற்கும். குவளையைச் சமதளத்தில் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்கு இறக்கிப் படியுங்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதுங்கள்.

அந்த ஆயிலை அப்படியே கொட்டிவிடாதீர்கள். வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் நல்லது. பச்சை கலந்த மஞ்சளாக மின்னினால் யாரோ கசிவு தேடச் சாயம் போட்டிருக்கிறார்கள், அதுவும் தப்பில்லை. சாம்பல் நிறத்தில் வெள்ளித் தூள் மினுக்கினால் அலுமினியம் தேய்ந்திருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் ஈரமோ அதிக வெப்பமோ ஆயிலைக் கெடுத்திருக்கிறது. கறுப்பாகக் குழம்பு போல வந்தால் கம்ப்ரெசர் உள்ளே அழிந்து, அந்தக் கழிவு சிஸ்டம் முழுக்கப் போயிருக்கிறது. இந்தச் சொட்டுகளைப் பார்த்துத்தான் அடுத்த வேலை எவ்வளவு பெரிது என்று முடிவாகும்.

கணக்கு: மூன்று நிலைமைகள்

முதலாவது, ஆயில் சுத்தமாக இருக்கிறது, கம்ப்ரெசரும் டிரையரும் மட்டும் மாற்றுகிறீர்கள். புதிய கம்ப்ரெசரையும் அதே முறையில் வடித்து இன்னொரு குவளையில் எடுங்கள். சில கம்பெனிகள் முழு சிஸ்டத்துக்கான ஆயிலை நிரப்பி அனுப்புகின்றன, சில துருப்பிடிக்காமலிருக்க மட்டும் கொஞ்சம் வைக்கின்றன, சிலது ஏறக்குறைய காலியாகவே வரும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள், ஆனால் வடித்துப் பார்த்தே நம்புங்கள். பழையதிலிருந்து 45 மில்லி வந்தது என்றால் புதியதற்குள் 45 மில்லியைத் திரும்ப ஊற்றுங்கள். பழையதன் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு வராமல் போன ஆயில் என்னாவது என்று கேட்கலாம். புதியதன் உள்சுவரிலும் அதே அளவு ஒட்டியிருக்கும், இரண்டும் சரிக்குச் சரி. அதனால்தான் இரண்டையும் ஒரே மாதிரி வடிக்கச் சொல்கிறேன். புதியது சுத்தமாக உலர்ந்து வந்திருந்தால் மட்டும் ஒட்டுவதற்கென்று 10, 15 மில்லி சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில சர்வீஸ் புத்தகங்கள் இதையே வேறு மாதிரி சொல்லும்: புதியதில் இருக்கும் அளவிலிருந்து பழையதில் வந்த அளவைக் கழித்து, அந்த மிச்சத்தைப் புதியதிலிருந்து வெளியே எடு என்று. புதியதில் 120, பழையதில் 45 என்றால் 75 மில்லியை வெளியே எடுக்க வேண்டும். உங்கள் காரின் புத்தகம் எந்தக் கணக்கைச் சொல்கிறதோ அதையே செய்யுங்கள்.

மாற்றும் மற்ற பாகங்களுக்கும் ஈடு சேர்க்க வேண்டும், அவற்றோடும் ஆயில் வெளியே போகிறது. பொதுவாக ரிசீவர் டிரையருக்கு 10 முதல் 20 மில்லி, கண்டென்சருக்கு 30 முதல் 40, எவாப்பரேட்டருக்கு 40 முதல் 60, ஒரு ஹோஸுக்கு 10 முதல் 20. காருக்குக் கார் மாறும், புத்தகம் இருந்தால் அதன் எண்தான் மேல். எக்ஸ்பேன்ஷன் வால்வுக்குப் பதில் ஆரிஃபிஸ் டியூப் என்கிற சிறு துளைக் குழாய் வைத்த கார்களில், டிரையருக்குப் பதில் பெரிய அக்குமுலேட்டர் இருக்கும். அது 60 மில்லியைக்கூடச் சாதாரணமாகப் பிடித்துவைக்கும். பழையதன் அடியில் துளை போட்டு வடித்து அளந்துவிடுவதே நல்லது.

நமது கணக்கில் கம்ப்ரெசருக்கு 45, டிரையருக்கு 15, மீட்பு மெஷினில் வந்த 10, ஆக மொத்தம் 70 மில்லி.

இரண்டாவது, பழையதிலிருந்து 5 மில்லிகூட வரவில்லை. நிறையப் பேர் இங்கே ஏமாறுகிறார்கள். வந்த அளவையே ஊற்று என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் புதிய கம்ப்ரெசர் 5 மில்லியோடு கிளம்பும், சீக்கிரமே ஜாம் ஆகும். 30 மில்லிக்குக் குறைவாக வந்தால் 60 மில்லி போடு என்பது சில தயாரிப்பாளர்கள் சொல்லும் வழி. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் ஆயில் எங்கேயோ கசிந்து போயிருக்கிறது, எவ்வளவு போனது என்று தெரியாது. எனக்கென்றால் மூன்றாவது வழிக்கே போய்விடுவேன்.

மூன்றாவது, ஆயில் கறுத்திருக்கிறது, தூள் இருக்கிறது, அல்லது முன்னால் யார் என்ன ஊற்றினார்கள் என்றே தெரியவில்லை. அப்போது பாதிக் கணக்கு உதவாது, பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றிப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஏசிக்கான ஃப்ளஷ் திரவத்தால் பைப்களையும் எவாப்பரேட்டரையும் கழுவி, உலர்ந்த நைட்ரஜனால் ஊதி முழுக்கக் காயவையுங்கள். திரவம் மிச்சமிருந்தால் புதிய ஆயிலை அது நீர்க்கவைத்துவிடும். கம்ப்ரெசர், டிரையர், எக்ஸ்பேன்ஷன் வால்வு, ஆரிஃபிஸ் டியூப் இவற்றைக் கழுவக் கூடாது. டிரையரும் ஆரிஃபிஸ் டியூபும் புதிதாகத்தான் போடவேண்டும். எக்ஸ்பேன்ஷன் வால்வையும் மாற்றிவிடுவதே நல்லது. இன்றைய கண்டென்சர்கள் முடி போன்ற நுண்குழாய்களால் ஆனவை. ஒரு குழாய் அடைத்திருந்தாலும் திரவம் பக்கத்துக் குழாய் வழியாகப் போய்விடும், தூள் அங்கேயே உட்கார்ந்திருக்கும். தூள் வந்த காரில் கண்டென்சரையும் மாற்றுங்கள். செலவைப் பார்த்து அதை விட்டுவிட்டால், மிச்சத் தூள் புதிய கம்ப்ரெசரையும் தின்றுவிடும்.

இப்படிச் சுத்தமாக்கிய சிஸ்டத்துக்குப் புத்தகம் சொல்லும் முழு அளவையும் போடவேண்டும். முழு அளவு 150, புதிய கம்ப்ரெசரில் 60 இருக்கிறது என்றால் இன்னும் 90 மில்லி. பின்சீட்டுக்கும் தனி ஏசி உள்ள வண்டிகளில் முழு அளவு இன்னும் அதிகம், அதற்கான எண்ணைத் தனியாகத் தேடிப் பாருங்கள்.

ஊற்றுவது

புதிய கம்ப்ரெசரிலிருந்து வடித்த ஆயில், உங்கள் காருக்குரிய ரகம்தான் என்று லேபிளில் உறுதியாகத் தெரிந்தால் அதையே திரும்ப ஊற்றலாம். சந்தேகம் இருந்தால் கொட்டிவிட்டுப் புது டின்னைத் திறங்கள். பழைய கம்ப்ரெசரின் ஆயிலை எந்தக் காரணத்துக்காகவும் திரும்ப ஊற்றக் கூடாது.

ஆயில் போல்ட் இருந்தால் அதன் வழியாக, இல்லையென்றால் சக்‌ஷன் துளை வழியாக மெதுவாக ஊற்றுங்கள். கிளட்ச் தட்டைச் சுற்றிக்கொண்டே ஊற்றினால் சீக்கிரம் உள்ளே இழுக்கும். 90 மில்லி போல நிறையச் சேர்க்கவேண்டியிருந்தால் எல்லாவற்றையும் கம்ப்ரெசருக்குள்ளேயே திணிக்காதீர்கள். ஒரு பங்கை கண்டென்சருக்கோ டிரையருக்கோ கொடுங்கள், கேஸ் ஓடும்போது அது தானாக வந்துசேரும்.

ஊற்றி முடித்து கம்ப்ரெசரைப் படுக்கையாக அதன் இயல்பான நிலையில் பிடித்து, தட்டை ஓடும் திசையிலேயே 10 முதல் 15 சுற்று கையால் சுற்றுங்கள். சிலிண்டரின் தலையில் தேங்கிய ஆயில் வெளியேறி அடியில் சேரும். இதைத் தவிர்த்துவிட்டு நேராக எஞ்சினை முடுக்கினால், முதல் சுற்றிலேயே பிஸ்டன் ஆயிலை அழுத்தி வால்வை உடைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. வண்டியில் மாட்டியபின் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்னும் இன்னொரு தடவை இதே போலச் சுற்றிவிடுங்கள். கிளட்ச் இல்லாத கம்ப்ரெசரில் புல்லியும் ஷாஃப்டும் சேர்ந்தே சுற்றும். அது ஏசி அணைந்திருந்தாலும் ஓடிக்கொண்டேயிருப்பதால், ஆயில் அளவில் பிசகை இன்னும் குறைவாகத்தான் தாங்கும். இந்தக் கம்ப்ரெசரில் ஆயில் இல்லாமல் எஞ்சினை ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீர்கள்.

மாட்டுவது, வேக்யூம், கேஸ்

பழைய ஓ-ரிங் ஒன்றைக்கூட மீண்டும் போடாதீர்கள். புதியவற்றின் மேல் சுத்தமான ஆயிலை விரலால் மெல்லிசாகத் தடவுங்கள், உலர்ந்த ஓ-ரிங் முறுக்கும்போது கிழியும். பிஏஜி தடவினால் வெளிப்பக்க மரையில் படவிடாதீர்கள், அது ஈரத்தை இழுத்து அரிக்கும். டிரையரின் மூடிகளைக் கடைசி நிமிஷத்தில்தான் கழற்ற வேண்டும். அதன் உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள், திறந்து வைத்தால் அறையின் ஈரத்தையெல்லாம் குடித்துத் தீர்ந்துபோகும்.

வேக்யூம் பம்பைப் போட்டு குறைந்தது 30 நிமிஷம், சிஸ்டம் நாள்கணக்கில் திறந்து கிடந்திருந்தால் 45 நிமிஷத்துக்குமேல் இழுங்கள். கடல் மட்டத்தில் கேஜ் மைனஸ் 29 பாதரச அங்குலத்தையோ அதற்கும் கீழேயோ காட்டவேண்டும். அந்த ஆழத்தில் தண்ணீர் அறை வெப்பத்திலேயே ஆவியாகிப் போய்விடும். பம்பை நிறுத்தி வால்வை மூடி 10, 15 நிமிஷம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். வேக்யூம் ஆயிலை உறிஞ்சிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்த ஆயில் அந்த அழுத்தத்தில் ஆவியாகாது, நீங்கள் அளந்து ஊற்றியது உள்ளேயே இருக்கும்.

கேஸை ஸ்டிக்கரில் சொன்ன எடைக்குத் தராசு வைத்து ஏற்றுங்கள். அழுத்தத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது லோசைடு (கம்ப்ரெசர் உறிஞ்சும் பக்கம்) வழியாக மட்டும், ஆவியாக மட்டும். ஓட்டத்தில் ஹைசைடு வால்வைத் திறந்தால் அழுத்தம் கேஸ் சிலிண்டருக்குத் திரும்பிப் போய் அது வெடிக்கலாம். கேஸோடு ஆயில் கலந்த டின் வாங்கியிருந்தால், அதிலிருக்கும் ஆயிலும் உங்கள் கணக்கைக் கூட்டிவிடும். நான் ஆயில் கலக்காத வெறும் கேஸ்தான் பயன்படுத்துகிறேன்.

முதல் ஓட்டம் ஐடிலில். ஜன்னலைத் திறந்து வைத்து, ஃபேனை முழுவதும் வைத்து, 5 நிமிஷமாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விடுங்கள். ஆயில் ஒரு சுற்று சுற்றிக் கம்ப்ரெசருக்குத் திரும்ப அந்த நேரம் வேண்டும். அப்புறம் மெதுவாக 1500 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள்.

கேஸ் எடை சரி, கண்டென்சர் ஃபேன் சரி, ஆனாலும் ஹைசைடு அழுத்தம் ஏறி, குளிர் போதாமல் இருந்தால் ஆயில் கூடியிருக்கலாம். தனியாக ஆயிலை மட்டும் எடுக்க வழியில்லை. கேஸை மீட்டு, கம்ப்ரெசரை இறக்கி, வடித்து, மறுபடி அளக்க வேண்டும். கம்ப்ரெசரே கையை வைக்க முடியாதபடி கொதித்து, உலோகம் முனகுகிற சத்தம் வந்தால் உடனே ஏசியை அணைத்துவிடுங்கள், அது ஆயில் குறைவின் சத்தமாக இருக்கலாம்.

எல்லாம் சரியாக ஓடினால் ஒரு சின்ன வேலை பாக்கி. ஒரு ஸ்டிக்கரில் தேதி, ஆயிலின் பெயரும் எண்ணும், எந்தப் பாகத்துக்கு எத்தனை மில்லி, கேஸ் எத்தனை கிராம் என்று எழுதி, பானெட்டின் உள்பக்கம் பழைய ஏசி ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்த முறை இந்தக் காரின் ஏசியைத் திறக்கப்போகிறவர் அதைப் பார்த்துத்தான் தொடங்குவார்.